மீசை முறுக்கிய எழுத்தின் மேக்கப் ரூமுக்குள்ளே!

"தம்பி, இந்த எழுத்தை ஃபுல் கேப்பிட்டல்ல போட்டா ஒருத்தருக்கும் படிக்க வராது. சொன்னாக் கேளுங்க."

டிடிபி கடை அண்ணன் இரண்டு தடவை சொன்னார். நான் கேட்கவில்லை. நண்பனுக்கு சர்ச்சில் கல்யாணம். ஆங்கிலப் பத்திரிகை அடிக்கிற வேலை என் தலையில். ஃபான்ட் பட்டியலை உருட்டிக்கொண்டே போனபோது 'ஓல்ட் இங்கிலீஷ்' என்ற பெயரில் கண் குத்தி நின்றுவிட்டது. அடேயப்பா, என்ன மிடுக்கு! கறுகறுவென்று, கூர்கூராக, ஒவ்வொரு எழுத்தும் மீசை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபம், எல்லாமே பெரிய எழுத்தில்! "கெத்தா இருக்கும்ணே, அடிங்க!"

அடித்தார். கெத்தாகத்தான் இருந்தது. ஒரே ஒரு குறை: மாப்பிள்ளையின் சொந்தச் சித்தப்பாவே பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த வீட்டுக் கல்யாணம்ப்பா?" என்று கேட்டுவிட்டார்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. அண்ணன் சொன்னது ஏன் சரி என்று தேடப் போனவன், அந்த எழுத்தின் ஒப்பனை அறைக்குள்ளேயே நுழைந்துவிட்டேன். உள்ளே இருக்கிற வேடிக்கையை வெளியே சொல்லாமல் எப்படி? வாருங்கள், சத்தம் போடாமல் பின்வாசல் வழியாகப் போவோம்.

பெயரே ஒரு வேஷம்

இந்த எழுத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர், பழைய ஆங்கிலப் பத்திரங்களின் தலைப்பு, 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையின் முகப்பு, சில பீர் பாட்டில்களின் லேபிள். நம் ஊர் கடைகளில் இதற்கு 'ஓல்ட் இங்கிலீஷ்' என்று பெயர். ஆனால் பழைய ஆங்கில மொழிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டு தொடங்கி மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதி எழுதிய கை இது. பொதுப்பெயர் பிளாக்லெட்டர்; பக்கத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தால் தாளே கறுத்துத் தெரியும், அதனால்.

குடும்பத்தில் நான்கு பேர். நெட்டையாக, இடித்துப் பிடித்து நிற்பவர் டெக்ஸ்டுரா. இத்தாலியில் வளர்ந்து கொஞ்சம் உருண்டு திரண்டவர் ரொட்டுண்டா. ஜெர்மனியின் ஊர்க்காரப் பிள்ளை ஷ்வாபாஹர். அரண்மனையில் பிறந்து சுருளும் நெளிவுமாகத் திரிகிற கடைக்குட்டி ஃப்ராக்டுர். கடைக்குட்டியின் பெயருக்கு 'முறிந்தது' என்று பொருள். என்ன முறிந்தது? அங்கேதான் முதல் ரகசியம்.

ஒரே பேனா, நாலைந்து கோடு

இவ்வளவு மிரட்டுகிற எழுத்துக்குப் பின்னால் பெரிய மந்திரம் இருக்கும் என்றுதானே நினைத்தீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். உள்ளே போனால் ஒரு வாத்து இறகு கிடக்கிறது. அவ்வளவுதான்!

இறகின் நுனியைக் கூராக்காமல் தட்டையாக வெட்டிவிடுவார்கள். அதைச் சாய்த்துப் பிடித்து, சாய்வை மாற்றாமல் எழுத வேண்டும். கீழே இழுத்தால் தடித்த கோடு. சாய்ந்த திசையிலேயே இழுத்தால் முடி மாதிரி மெல்லிய கோடு. சும்மா ஒரு தொடு தொட்டால் வைரக்கல் மாதிரி ஒரு சதுரம். தடித்த கோட்டின் தலையில் ஒரு வைரம், காலில் ஒரு வைரம். சின்ன எழுத்துகளில் பாதி இதிலேயே முடிந்துபோகும். 'ஓ' என்ற வட்டத்தைக்கூட வளைக்காமல், நான்கு இடத்தில் முறித்து முறித்துக் கட்டிவிடுவார்கள். முறிந்தது அந்த வளைவுதான்.

இதை நம் ஓலைச்சுவடியோடு வைத்துப் பாருங்கள். ஓலையில் எழுத்தாணியால் கீறும்போது நேர்க்கோடு நீண்டால் ஓலை கிழியும், அதனால்தான் நம் எழுத்துகள் வளைந்தன என்று சொல்வார்கள். அங்கே ஆட்டுத் தோலும் கன்றுத் தோலும் தாள்; கிழியும் பயம் கிடையாது. ஆனால் தோல் விலை அதிகம். நெருக்கி நெருக்கி எழுதினால் ஒரு பக்கத்தில் நாலு வரி கூட அடங்கும். நமக்கு ஓலை கொடுத்த வளைவு. அவர்களுக்கு இறகும் தோலும் கொடுத்த முறிவு.

நெருக்கினால் என்ன ஆகும்? 'மினிமம்' என்ற ஆங்கிலச் சொல்லை மனதுக்குள் எழுதிப் பாருங்கள். எம்முக்கு மூன்று கோடு, ஐக்கு ஒன்று, என்னுக்கு இரண்டு, மறுபடி ஐ, மறுபடி எம், யூவுக்கு இரண்டு, கடைசி எம். கூட்டினால் பதினைந்து கோடுகள், எல்லாம் ஒரே உயரம், ஒரே இடைவெளி. மூங்கில் தட்டி மாதிரி நிற்கும்! எந்தக் கோடு எந்த எழுத்துக்குச் சொந்தம் என்று எழுதியவருக்கே தெரியாது. அந்தத் தவிப்பில்தான் ஐயின் தலையில் ஒரு சின்னக் கீற்று போட்டு அடையாளம் வைத்தார்கள். இன்று நாம் ஆங்கிலத்தில் சாவகாசமாக வைக்கிற அந்தப் புள்ளி, இந்த மூங்கில் தட்டிக்குள்ளிருந்து தப்பி வந்தது.

டெக்ஸ்டுரா என்ற பெயருக்கு லத்தீனில் நெசவு என்று பொருள். பக்கம் முழுக்க எழுதி முடித்தால் தறியில் நெய்த துணி போல் இருக்குமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாம் புத்தகத்தையே நூல் என்றுதானே சொல்கிறோம்! சொல்லைப் பஞ்சாகவும் பனுவலை இழையாகவும் நன்னூல் உவமித்துவைத்தது இதே நெசவைத்தான்.

குட்டன்பெர்க்கின் ஏமாற்று வித்தை

அடுத்த அறை மைன்ஸ் நகரத்தில். ஏறத்தாழ 1455. யோஹானஸ் குட்டன்பெர்க் பைபிள் அச்சிட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்துக்கு இரண்டு பத்தி, பத்திக்கு 42 வரி. எழுத்து? நம் டெக்ஸ்டுராவேதான்.

லத்தீன் எழுத வேண்டிய எழுத்துகள் மொத்தம் இருபத்துச் சொச்சம். பெரியது சின்னது என்று இரட்டிப்பாக்கினாலும் ஐம்பதைத் தாண்டாது. ஆனால் அவர் வார்த்துவைத்திருந்தது ஏறத்தாழ 290 வகை! ஏன் தெரியுமா? கையெழுத்துப் பிரதி எழுதுகிறவர் வரியின் கடைசியில் இடம் போதாவிட்டால் எழுத்தைக் கொஞ்சம் ஒடுக்குவார், இரண்டு எழுத்தை ஒட்டுவார், சொல்லைச் சுருக்கி மேலே ஒரு கோடு போடுவார். ஈய எழுத்துக்கு அந்த நெளிவு சுளிவு தெரியாதே! அதனால் அகல எழுத்து, ஒடுங்கிய எழுத்து, ஒட்டிய ஜோடி, சுருக்கக் குறி என்று எல்லாவற்றையும் தனித்தனியாக வார்த்துவிட்டார். பத்தியின் வலது ஓரம் கத்தியால் வெட்டியது போல் நேராக நிற்கும். வாங்கியவர் கண்ணுக்கு அது கையால் எழுதிய வேதப் புத்தகம் போலவே இருக்க வேண்டும். உலகின் புத்தம் புதிய தொழில்நுட்பம் தன்னைப் பழசாகக் காட்டிக்கொள்ளப் பட்ட பாட்டைப் பாருங்கள்!

இதில் இன்னொரு சேதியையும் கவனியுங்கள். நெய்யப்பட்டது முழுக்கச் சின்ன எழுத்து. பெரிய எழுத்து எங்கோ ஓரிடத்தில் தனியாக வரும். பத்தி தொடங்கும் இடத்தை வெறுமையாகவே விட்டுவிடுவார்கள். ஓவியர் வந்து சிவப்பிலும் நீலத்திலும் கையால் வரைந்து நிரப்புவார். கடை அண்ணன் சொன்னதற்கு முதல் துப்பு எனக்கு இங்கேதான் கிடைத்தது.

அரசரின் எழுத்துக்குத் தும்பிக்கை!

இப்போது பட்டாசு அறை. பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியனுக்குத் தன் புகழ் புத்தகத்தில் நிற்க வேண்டும் என்று ஆசை. யோஹான் ஷோன்ஸ்பெர்கர் என்ற அச்சகர் அவருக்காக 1513இல் ஒரு பிரார்த்தனைப் புத்தகம் அச்சிட்டார். ஓரங்களில் கோட்டோவியம் வரைந்தவர்களில் ஒருவர், சாட்சாத் ஆல்பிரெக்ட் ட்யூரர். அடுத்து 1517இல் 'தொய்யர்டாங்க்' என்ற வீரக்காவியம். ஃப்ராக்டுர் வகை அரங்கேறியது இந்தப் புத்தகங்களில்தான்.

தொய்யர்டாங்க் பக்கங்களைப் பார்த்தால் தலை சுற்றும். எழுத்தின் உச்சியிலிருந்து கிளம்பும் சுருள் மேல் ஓரத்தில் பறக்கிறது. கடைசி வரியின் வால் கீழ் ஓரம் முழுக்க நெளிகிறது. இதை ஈய எழுத்தில் கோத்திருக்கவே முடியாது, மரப்பலகையில் செதுக்கித்தான் அடித்திருப்பார்கள் என்று பிற்காலத்தில் பலர் சத்தியம் செய்தார்கள். காட்டிக்கொடுத்தது ஒரு குட்டி எழுத்து. ஓரிடத்தில் ஒரு 'ஐ' தலைகீழாக நிற்கிறது! பலகையில் செதுக்குகிறவர் ஒற்றை எழுத்தை மட்டும் தலைகீழாகச் செதுக்குவாரா? கோக்கிறவர் அவசரத்தில் தப்பாகச் செருகினால்தான் அப்படி வரும். நம் லெட்டர்பிரஸ்களில் புரூஃப் பார்த்தவர்கள் இதைக் கேட்டால் கட்டாயம் சிரிப்பார்கள்.

ஃப்ராக்டுரின் பெரிய எழுத்துகள் பலவற்றில் இடப்பக்கம் ஒரு நெளிந்த கோடு தொங்கும். அதற்கு ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? யானைத் தும்பிக்கை! கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். நம் பழைய புத்தகங்களில் லை, னை, ணை, ளை எல்லாம் தும்பிக்கை தூக்கிக்கொண்டுதானே நின்றன? தமிழக அரசு 1978இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது அந்தத் தும்பிக்கைகள் விடைபெற்றன. தாத்தாவின் புத்தகத்தைப் பிரித்து ஒரு கணம் தடுமாறும் பேரனுக்கு, பாட்டியின் ஃப்ராக்டுர் பைபிளைப் பிரித்துத் தடுமாறும் ஜெர்மன் பேத்தியின் நிலைமை நன்றாகவே புரியும்.

இன்னும் ஓர் ஒற்றுமை. ஃப்ராக்டுரில் எஸ் எழுத்துக்கு இரண்டு உருவம். சொல்லின் முதலிலும் நடுவிலும் நெட்டை எஸ். முடிவில் குட்டை எஸ். நமக்குச் சொல் தொடங்கினால் 'ந', இடையிலும் கடைசியிலும் பெரும்பாலும் 'ன' என்பது போல ஓர் இட ஒதுக்கீடு. அந்த நெட்டை எஸ் பார்ப்பதற்கு அச்சு அசலாக எஃப் மாதிரி இருக்கும் என்பதுதான் கூத்து.

நமக்கும் இந்த எழுத்துக்கும் நேரடியாக ஒரு தொடர்பு உண்டு. தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் சீகன்பால்குவின் தமிழ் அச்சுக்கு முதல் எழுத்துகளை வார்த்து அனுப்பியது ஜெர்மனியின் ஹாலே நகரம். தரங்கம்பாடிச் செய்திகளைத் தன் ஊர் மக்களுக்கு அதே ஹாலே அச்சிட்டுக் கொடுத்தது ஃப்ராக்டுரில். முறிந்த எழுத்துக்குப் பழகிய ஊரிலிருந்துதான் வளைந்த எழுத்து கப்பலேறி வந்திருக்கிறது!

ஆஃபன்பாஹின் நகைக்கடை

அலங்கார பிளாக்லெட்டரில் எனக்கு மிகப் பிடித்த ஒன்றைக் காட்டாமல் விடமாட்டேன். பெயர், வில்ஹெல்ம் கிளிங்ஸ்போர் எழுத்து. வரைந்தவர் ருடால்ஃப் கோஹ். 1876இல் நூரன்பெர்க்கில் பிறந்தவர். இளம் வயதில் உலோகத்தில் சித்திர வேலை பழகியவர். 1906இல் ஆஃபன்பாஹ் நகரத்தின் கிளிங்ஸ்போர் வார்ப்பகத்தில் சேர்ந்து, 1934இல் இறக்கும்வரை அங்கேயே எழுத்து எழுத்தாகச் செய்துகொண்டிருந்தார். வார்ப்பகத்தை நடத்திய சகோதரர்களில் ஒருவரான வில்ஹெல்ம் 1925இல் காலமானார். அவர் நினைவாகவே இந்த எழுத்துக்கு அந்தப் பெயர்.

சின்ன எழுத்துகள் சுத்தமான டெக்ஸ்டுரா. கம்பி கம்பியாக, இறுக்கமாக. பெரிய எழுத்துகளோ அட்டிகை போட்ட மணப்பெண்கள்! தடித்த தண்டுக்குப் பக்கத்தில் முடியிழைக் கோடு, அதன் நுனியில் குட்டி முள், இடைவெளியில் ஒரு பொடி வைரம். தடிமனுக்கும் மெல்லிசுக்கும் நடுவே அத்தனை தூரம். உலோகத்தில் சித்திரம் செதுக்கிய கை என்பது பார்த்தவுடன் தெரிகிறது.

அந்தக் காலத்தில் ஓர் எழுத்து பிறக்க என்ன பாடு! எஃகுக் கம்பியின் நுனியில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அதைச் செம்பில் அடித்துக் குழி உண்டாக்க வேண்டும். ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலந்து உருக்கி அந்தக் குழியில் ஊற்ற வேண்டும். ஆங்கிலத்து ஏ முதல் இசட் வரை, ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக. நாம் மௌஸை ஒரு தட்டு தட்டிவிட்டு "இது வேணாம்ணே, அடுத்தது காட்டுங்க" என்கிறோம்!

ஒரு கொசுறு: இதே கோஹ் 1923இல் வெளியிட்ட இன்னொரு எழுத்து நோய்லாண்ட். கோடாரியால் வெட்டியது போல முரட்டு எழுத்து. 'ஜுராசிக் பார்க்' படத்தின் பெயர் எழுதப்பட்டது அந்தச் சாயலில்தான். சர்ச்சுக்கும் டைனோசருக்கும் ஒரே தையல்காரர்!

விளக்கு அணைந்த அறை

ஒப்பனை அறையில் ஓர் இருட்டு மூலையும் உண்டு. ஜெர்மனியில் பிளாக்லெட்டர் வேண்டுமா, ரோமன் எழுத்து வேண்டுமா என்று 1911இல் நாடாளுமன்றம்வரை போய்ச் சண்டை நடந்தது. நாஜிகள் வந்ததும் இதுவே அசல் ஜெர்மன் எழுத்து என்று தூக்கிப் பிடித்தார்கள். பிறகு 1941 ஜனவரி 3 அன்று, மார்ட்டின் போர்மன் கையெழுத்திட்ட ஒரு சுற்றறிக்கை திடீரென்று பல்டி அடித்தது: இவை யூத எழுத்துகள், இனிமேல் கூடாது! பச்சைப் பொய். அந்தச் சுற்றறிக்கையின் தலைப்பே பிளாக்லெட்டரில்தான் அச்சாகியிருந்தது. போரில் பிடித்த நாடுகளில் இந்த எழுத்தைப் படிக்க ஆளில்லை என்பது நடைமுறைக் காரணம்.

தடை போட்டவர்கள் போனார்கள். கறை மட்டும் எழுத்தின் மேல் தங்கிவிட்டது. ஐந்நூறு ஆண்டு பைபிளும் பாட்டுப் புத்தகமும் சுமந்த எழுத்தைப் பார்த்து, பன்னிரண்டு ஆண்டு ஆட்சியை நினைத்துக்கொள்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஜெர்மன் வாசகருக்காக வடிவமைக்கிறவர் இதை மறக்கக் கூடாது.

இப்போது எங்கெல்லாம் சுற்றுகிறார்?

மறுபடி விளக்கைப் போடுவோம்! தினசரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இந்த எழுத்து, விசேஷ வீடுகளில் பயங்கர பிஸி.

பத்திரிகை முகப்புதான் நிரந்தர உத்தியோகம். நியூயார்க் டைம்ஸ் தன் பெயருக்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி வைத்திருந்தது. 1967இல் அந்தப் புள்ளியை எடுத்தார்கள். முகப்பைச் செப்பனிட்டு வரைந்தவர் எட் பெங்கியட். ஒரு புள்ளியை எடுக்க ஒரு நிபுணர்! ஜெர்மனியின் 'ஃப்ராங்க்ஃபுர்டர் ஆல்கமைன' நாளிதழ் 2007 வரை தன் கருத்துக் கட்டுரைகளின் தலைப்பை ஃப்ராக்டுரிலேயே போட்டது. முகப்பில் இன்னும் அதே மீசை.

'கொரோனா எக்ஸ்ட்ரா' பீர் பாட்டிலில் இவர். டெட்ராய்ட் டைகர்ஸ் பேஸ்பால் வீரர்களின் தொப்பியில் ஒற்றை 'டி'யாக இவர். லாஸ் ஏஞ்சலிஸின் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் சுவரிலும் தோளிலும் எழுதிக்கொண்டது இவரை. அங்கிருந்து ராப் பாடகர்களின் டி-ஷர்ட்டுக்கும் போனார். 'மோட்டர்ஹெட்' இசைக்குழு தன் பெயரை இந்த எழுத்தில் எழுதி, தலையில் இரண்டு புள்ளியும் வைத்துக்கொண்டது. அந்தப் புள்ளிகளுக்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது. சும்மா ஒரு மிரட்டல்!

கணக்கு வாத்தியார்களும் இவருக்கு ரசிகர்கள். சிக்கலெண்ணின் மெய்ப்பகுதிக்கும் கற்பனைப் பகுதிக்கும் ஃப்ராக்டுர் எழுத்து போடுவார்கள்; லீ அல்ஜீப்ராக்களுக்குச் சின்ன ஃப்ராக்டுர். கணித நூல்களுக்கென்றே ஹெர்மன் ஸாஃப், டானல்ட் நூத்தோடு சேர்ந்து 'ஆய்லர்' எழுத்துக் குடும்பத்தை உருவாக்கியபோது அதில் ஒரு ஃப்ராக்டுரும் இருந்தது. கணக்குக்கு வேண்டும் என்பதால் யூனிகோடிலும் இவருக்குத் தனி இடம் கிடைத்தது.

இனிமேல்தான் குபீர் சிரிப்பு. இன்ஸ்டாகிராமில் தன் பெயரை இந்த ஸ்டைலில் போட்டுக்கொள்கிறார்களே, அது ஃபான்ட் கிடையாது. அத்தனையும் கணிதக் குறிகள்! வாத்தியாருக்காக வைத்த எழுத்தைப் பிள்ளைகள் மேக்கப்புக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் அங்கே வந்ததும் பெயரைச் சொல்லாது. ஒவ்வோர் எழுத்தையும் கணிதக் குறியாக வாசிக்கும், அல்லது பேசாமல் தாண்டிப் போய்விடும். அழகுக்குப் போடுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

அண்ணன் சொன்னதுதான் சட்டம்

சுற்றிப் பார்த்தாயிற்று. இப்போது என் பத்திரிகை ஏன் சொதப்பியது என்று நன்றாகவே தெரிகிறது. இந்தக் குடும்பத்தில் சின்ன எழுத்துகள் கூட்டமாக நெசவு நெய்யப் பிறந்தவை. பெரிய எழுத்து ஒவ்வொன்றும் தனியாக வந்து ஆடிவிட்டுப் போகப் பிறந்தது. பத்துப் பேரையும் ஒரே மேடையில் தோளோடு தோள் நிறுத்தினால் தும்பிக்கையும் முள்ளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்; எவர் எவர் என்றே தெரியாது.

ஆகவே, நாளைக்கு நீங்கள் சான்றிதழோ, சர்ச் கல்யாணப் பத்திரிகையோ, கடைப் பலகையோ ஆங்கிலத்தில் இந்த எழுத்தில் போடுவதானால்: சொல்லின் முதல் எழுத்து மட்டும் பெரியதாக இருக்கட்டும். எழுத்துகளுக்கு நடுவே இடம் விட்டு இழுக்காதீர்கள், நெசவு பிரிந்துவிடும். தலைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், தேதி, நேரம், முகவரி, போன் நம்பர் எல்லாம் சாதாரண எழுத்தில் வரட்டும். அடிப்பதற்கு முன்னால் வீட்டில் ஒரு சித்தப்பாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் மாற்றிவிடுங்கள்.